உடனே

ஏழு குப்பிகளாக வந்து சேர்ந்தான்.
தொடை இரத்தம், நெஞ்சு இரத்தம், சிறுநீர்,
இடக்கண் நீர், வலக்கண் நீர்,
ஈரலில் ஒரு துண்டு,
பின்தலையிலிருந்து பென்சில் தடிமனுக்கு முடி.
பெயர் யுகேந்திரன். வயது முப்பத்தொன்று.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட்.
பாயா தெருபோங், பதினோராவது மாடி, நண்பன் வீடு.

போலீஸ் கடிதத்தில் அந்த நண்பனின் வாக்குமூலம்:
போட்டான், உடனே விழுந்தான்,
நான் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.
மலாயில் இரண்டு 'தெருஸ்'.
பென்சிலால் இரண்டையும் வட்டமிட்டேன்.
ஏன் என்று அப்போது தெரியாது.

நெஞ்சு இரத்தத்தை நான் நம்புவதில்லை.
செத்த பிறகும் மருந்து நடமாடும்;
நுரையீரலில் பதுங்கியது இதயத்துக்கு இறங்கி வந்து
இல்லாத கணக்கைக் காட்டும்.
தொடை கொஞ்சம் ஒதுக்குப்புறம்.
வதந்தி அங்கே போய்ச் சேர நாளாகும்.

கருவி ராத்திரி முழுக்க முனகியது.
விடியற்காலை, கொம்தாருக்கு மேலே மழை,
திரையில் ஒல்லியாக ஒரு முகடு.
கசகசாச் செடியை ஒருநாளும் பார்த்திராத அபின்.
எங்கோ ஒரு கொட்டகையில் யாரோ கட்டியது,
உப்புக்கல் அளவு போதும்.

ஈரலுக்கு அதெல்லாம் தெரியாது.
வந்தது எதுவானாலும்
வாலைக் கிள்ளுவது அதன் வேலை.
கிள்ளிய மிச்சம் மயக்காது, கொல்லாது,
சிறுநீர்ப்பையில் போய் உட்கார்ந்து
வெளியே போகக் காத்திருக்கும்.
சட்டென்று செத்தவன் பையில்
அந்த மொட்டை மிச்சம் தேடினாலும் கிடைக்காது.

இவன் பை நிறைய இருந்தது.

நான் மறுபடி ஓட்டினேன். ரொஹைசா ஒருமுறை ஓட்டினாள்.
முந்தின நாட்களின் மிச்சமோ என்று
முடியை செண்டிமீட்டர் செண்டிமீட்டராக நறுக்கினோம்.
நான்கு துண்டு, நான்கு மாதம், சுத்தம்.
ஐந்தாவதில்தான் பழைய அழுக்கு.
நான்கு மாதம் தாக்குப்பிடித்திருக்கிறான்.
அந்த நான்கு மாதத்தில் உடம்பு
பழைய அளவை மறந்துவிட்டது.
கை மறக்கவில்லை.

மூச்சு எட்டாகி, ஆறாகி,
உதடு நீலம் பூத்துக்கொண்டிருந்தபோது
ஈரல் கிள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது,
விடுமுறை அறிவிப்பு வந்து சேராத குமாஸ்தா மாதிரி.
எவ்வளவு நேரம்?
எண் அதைச் சொல்லாது. அவ்வளவு கெட்டிக்காரத்தனம் அதற்கில்லை.
'உடனே' என்ற சொல்லை மட்டும்
அடித்துவிடும்.

எங்கிருந்தோ என் எண்ணைப் பிடித்து
அக்கா கூப்பிட்டாள், செபராங் ஜெயாவிலிருந்து.
துர்க்கேஸ்வரி.
"ஈரக்குலையே நடுங்குது டாக்டர்" என்றாள்.
நான் டாக்டர் இல்லை. திருத்தவில்லை.
"உடனே போயிட்டானாம். வலிச்சிருக்காதுல்ல?"
கையிலிருந்த குப்பியில்
அவன் ஈரலின் ஐந்து கிராம், குளிர்ந்துபோய்.

உடனே என்றால் வலி இல்லை.
உடனே இல்லை என்றால்
பதினோராவது மாடியில் ஒரு லிஃப்ட் இருந்தது,
ஒரு போன் இருந்தது,
பயந்துபோன ஒருவன்
அதை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு
விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.
அதையும் நான் பார்க்கவில்லை. இரண்டு எண்களின் விகிதத்துக்கு
நானே வைத்துக்கொண்ட முகம் அது.

அறிக்கை போலீசுக்குத்தான் போகும், என்றேன்.
அப்படித்தான் சொல்ல வேண்டும்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது, சீரான மூச்சு,
என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினேழு.

மூன்று வரி எழுதினேன், மலாயில்.
உட்கொண்ட பின் சிறிது காலம்
உயிருடன் இருந்திருக்கக்கூடும்.
அந்தக் 'கூடும்' வேண்டுமா என்று ரொஹைசா கேட்டாள்.
வேண்டும் என்றேன்.
கையெழுத்துப் போட்டாள்.
அதற்குள் அடுத்த பெட்டி வந்திருந்தது, பாலேக் பூலாவிலிருந்து,
ஐஸ் இன்னும் கரையாமல்.